இல்லாத பதிப்பும் நிரலின் விடையும்

பலர் கூடி எழுதவும் திருத்தவும் இடந்தரும் இணையப் பக்கங்களின் தொகுப்பே விக்கி ஆகும். அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தினார். 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவும் இவ்வகையினதே. பலர் கைபடும் பக்கத்தில் பிழையும் புகும். ஆதலால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அப்பதிப்பு எண்ணிடப்பட்டுப் பக்க வரலாற்றில் சேர்கிறது. இரண்டு எண்களைத் தந்தால், நீங்கிய வரிகளையும் சேர்ந்த வரிகளையும் நிரல் ஒப்பிட்டுக் காட்டும். எவர் எதனை மாற்றினார் என்னும் வினாவிற்கு இவ்வொப்பீடே சான்று.

பன்னிரண்டு பதிப்புகளே உள்ள பக்கத்தில் 11ஐயும் 15ஐயும் ஒப்பிடுமாறு கேட்டால் நிரல் என்ன செய்தல் வேண்டும்? முகவரியில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலே இந்நிலை நேரும். 15க்கு மாற்றாக, இறுதியில் உள்ள 12ஐ எடுத்துக்கொண்டு ஓசையின்றி ஒப்பிட்டுவிடுவது ஒரு முறை. உதவிபோல் தோன்றினும் இது தீங்கானது. எண்ணைத் தவறாகக் குறித்தவர், தாம் தேடிய திருத்தமே திரையில் உள்ளது என நம்புவார். பிறர் செய்த பிழைக்கு 12ஆம் பதிப்பை எழுதியவர் பழி சுமப்பார். ‘இப்பக்கத்திற்கு 12 பதிப்புகளே உள்ளன’ என்று கூறிப் பக்க வரலாற்றிற்கு வழிகாட்டுவதே நேர்மையான விடை.

சுழியம் இதற்கு விலக்கு. முதற்பதிப்பிற்கு முன் பக்கமே இல்லை. எனவே, அதனை வெற்றுப்பக்கத்தோடு ஒப்பிட்டு, எல்லா வரிகளையும் புதியனவாகக் காட்டுதல் பொருந்தும். எண்கள் முன்பின்னாக வந்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம். குறை எண்ணோ வஞ்சகமானது! பைத்தான் மொழியில் ஒரு பட்டியலின் -1ஆம் உறுப்பைக் கேட்டால் பிழைச்செய்தி வாராது. கடைசி உறுப்பே வந்து நிற்கும். ஆதலால், பதிப்பை எடுக்கும் முன்னரே எண்ணின் எல்லையைச் சோதித்தல் வேண்டும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இச்சோதனை மட்டும் போதாது. அங்குப் பதிப்பெண்கள் பக்கந்தோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. தளம் முழுமைக்கும் ஒரே வரிசையாக ஓடுகின்றன. ஒரு பக்கத்தின் அடுத்தடுத்த இரு பதிப்புகளுக்கு இடையே பல்லாயிரம் எண்கள் கடந்திருக்கலாம். இடைப்பட்டவை பிற பக்கங்களுக்கு உரியவை. பக்கம் நீக்கப்பட்டபின் பழைய இணைப்பு வழியாக ஒப்பீட்டைக் கேட்டால், அம்மென்பொருள் அருகிலுள்ள பதிப்பை மாற்றித் தருவதில்லை. கேட்ட பதிப்பு கிடைக்கவில்லை என்றே அறிவிக்கிறது.