அந்தக் கடிதங்களை எரிக்காதீர்கள்!



சில மாதங்களுக்கு முன் நமது திருகோணமலை நகரில் ஒரு தாய் என்னைக் காண வந்தார். பெயரும் தெருவும் வேண்டாம். ஐஸ் போதையில் சிக்கிய அவரது மகன், வெளியூர் நிலையம் ஒன்றில் பல மாதங்கள் தங்கிச் சுகமாகித் திரும்பியிருந்தான். அங்கிருந்து அவன் எழுதிய கடிதங்களை அந்தத் தாய் அடுப்பில் போட்டுவிட்டார். "வீட்டில குமர் இருக்கு, மௌலவி. நாளைக்குக் கலியாணம் பேச வாறவங்க கண்ணில பட்டா?" என்றார். ஆனால் மகனோ, "உம்மா, என்ட கடிதங்கள் எங்க?" என்று கேட்கிறான். தான் எழுந்து நின்ற கதை அவற்றில்தானே இருந்தது!

இத்தகைய கடிதங்களைப் பொன்போல் காக்க முனைந்தோர் உண்டு. அந்த வரலாற்றைக் கேளுங்கள்.

தண்டனை இல்லாத முகாம்

1913இல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் 'லிட்டில் கொமன்வெல்த்' என்ற இல்லம் தொடங்கியது. அதை நடத்தியவர் ஹோமர் லேன் என்ற அமெரிக்கர். குற்றம் புரிந்த சிறுவர் சிறுமியர் அங்கே தாங்களே விதிகள் வகுத்து, தாங்களே வழக்கு விசாரித்தனர். லேன் மீது குற்றச்சாட்டு எழுந்ததையடுத்து 1918இல் அது மூடப்பட்டது.

1936இல் எசெக்ஸ் பகுதியில் ஹாக்ஸ்பர் முகாம் உருவானது. முயன்றவர் மார்ஜரி பிராங்க்ளின் என்ற மனநல மருத்துவப் பெண்மணி. முகாமின் தலைவர் டேவிட் வில்ஸ். அடியில்லை, தண்டனையில்லை. வாலிபர்கள் தமது குடில்களைத் தாமே கட்டினர். பெரியவர்களோடு சபை கூடி முகாமின் காரியங்களைத் தீர்மானித்தனர். நம்பிப் பொறுப்புக் கொடுத்தால் பிள்ளை திருந்துவான் என்பதே அவர்கள் வழி. யுத்த காலமான 1940இல் முகாம் மூடப்பட்டது. இவ்வாறு கூடி வாழ்ந்தே குணமாகும் இடங்களுக்குச் 'சிகிச்சைச் சமூகம்' என்ற பெயர் 1946க்குப் பின் பரவியது.

பெட்டிகளில் இருந்த பிள்ளைப்பருவம்

இல்லங்கள் மூடப்பட்டால் காகிதங்கள் என்னவாகும்? குப்பைக்குத்தானே போகும்! 1966இல் மார்ஜரி பிராங்க்ளின் நிறுவிய அறக்கட்டளை, 1989இல் குளோஸ்டர்ஷயரின் டாடிங்டன் கிராமத்தில் இதற்கென்றே ஒரு சுவடிக்கூடம் அமைத்தது. டேவிட் வில்ஸின் தாள்களோடு பல இல்லங்களின் பதிவேடுகள், கடிதங்கள், படங்கள் அங்கே சேர்ந்தன. 2010, 2011இல், அத்தகைய இல்லங்களில் வளர்ந்து முதியவர்களாகிவிட்ட பலரின் நினைவுகள் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யப்பட்டன.

சகோதரிகளே, சிறு வயதில் வீட்டைப் பிரிந்த ஒருவருக்கு, "நான் யாரோடு இருந்தேன்? ஏன் அனுப்பப்பட்டேன்?" என்ற கேள்விக்கு வேறெங்கே பதில் கிடைக்கும்? ஓர் இல்லத்தில் பிள்ளைக்கு அநியாயம் நடந்திருந்தாலும் சாட்சி சொல்வது அந்தக் காகிதமே.

நமது நாட்டில்

இலங்கையில் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 1987இல் குப்பியாவத்தே போதானந்த தேரர் 'மித்துரு மித்துரோ' அமைப்பைத் தொடங்கினார். போதையிலிருந்து மீள்வோர் கூடி வாழ்ந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்பதே அதன் முறை. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது.

ஆகவே, பிள்ளையை ஓரிடத்தில் சேர்க்குமுன் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். அடிக்கும் இடமா, அரவணைக்கும் இடமா என்று விசாரியுங்கள். பதிவேடு ஒழுங்காக வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அவன் அனுப்பும் கடிதங்களை ஓர் உறையிலிட்டு, அலுமாரியில் பூட்டி வையுங்கள். ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை; அவன் கேட்கும் நாளில் அவன் கையில் கொடுங்கள். மானத்தைக் காக்க அடுப்பு வேண்டாம், ஒரு பூட்டுப் போதும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "எரிந்தது எரிந்ததுதான். இன்றிரவு மகனைப் பக்கத்தில் இருத்தி, அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுங்கள்."

வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவனும் எழுதத் தொடங்கியிருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்!