எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை எதற்கு?

“ஆபரேஷன் முடிஞ்சு வருஷம் ஒண்ணாச்சு. முப்பது கிலோ குறைஞ்சாச்சு. சுகர் மாத்திரையையே டாக்டர் நிறுத்திட்டாரு. இந்த வைட்டமின் மாத்திரை மட்டும் இன்னும் எதுக்கு?”

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். உடம்பு லேசாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, பழைய சட்டை தொளதொளவென்று இருக்கிறது. எந்த நோயும் இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சிக்கல் ஆரம்பிப்பதே இங்குதான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, உடம்பு பருமனாக இருந்தால் சத்து நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. பலர் ஆபரேஷன் டேபிளில் படுக்கும்போதே சத்துக் குறைபாட்டோடுதான் படுக்கிறார்கள்.

காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இருந்து பெரும்பாலும் சென்னைக்குச் சென்றுதான் இந்தச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். மருத்துவமனையில் இருப்பது சில நாட்கள். அதன் பிறகான வாழ்க்கை முழுவதும் ஊரில்தான்: தறியில், டிபன் கடையில், கோயில் விசேஷங்களில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஷிப்டில். மாத்திரைப் பழக்கம் நிலைப்பதும் விட்டுப்போவதும் இங்கேதான்.

ஆபரேஷனில் உள்ளே என்ன மாறுகிறது?

அதிகம் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி. இதில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்.

இரண்டாவது காஸ்ட்ரிக் பைபாஸ். இதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பைக்கும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதிக்கும் போகாது.

இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த ஆரம்பப் பகுதியில்தான். சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் கரைக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலம் குறைந்துவிட்டது, பைபாஸ் செய்தவருக்கு வழியும் மாறிவிட்டது. ஆக, சாப்பிடும் அளவு குறைந்தது மட்டும் பிரச்சினை இல்லை. சாப்பிட்டதில் இருந்து சத்தை எடுக்கும் வசதியும் குறைந்துவிட்டது. எடை இலக்கைத் தொட்டாலும் இந்த மாற்றம் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் இந்த மாத்திரைகளுக்கு “கோர்ஸ் முடிஞ்சுது” என்ற கட்டம் கிடையாது.

பி12 மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

ஒரு சராசரி ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் பி12 அளவு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஆனால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை பரிந்துரைக்கிறது அமெரிக்க பேரியாட்ரிக் சர்ஜரி சங்கம். டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரோ என்று சந்தேகம் வரலாம். தப்பில்லை.

பி12 தனியாக உடம்புக்குள் போகாது. இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துப்போனால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படும். அந்தப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் நிறைந்த பகுதிதான் ஸ்லீவில் வெட்டப்படுகிறது. பைபாஸில் சாப்பாட்டின் பாதையிலிருந்து ஒதுக்கப்படுகிறது.

துணைக்கு ஆள் இல்லாமல் தானாகக் கசிந்து உள்ளே போவது 100-ல் ஏறக்குறைய 1 பங்கு மட்டுமே. 1,000 மைக்ரோகிராம் மாத்திரை போட்டால் சுமார் 10 மைக்ரோகிராம் சேரும். அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இவ்வளவுதான். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு மாதம் ஒருமுறை ஊசியாகவும் போடுகிறார்கள்.

“நான் நல்லாத்தானே இருக்கேன்?”

பி12-ஐக் கல்லீரல் சேமித்து வைத்திருக்கும். இரண்டு, மூன்று வருடங்களுக்குக்கூட அந்தச் சேமிப்பு தாங்கும். அதனால் மாத்திரையை நிறுத்திய மறுநாளோ மறுமாதமோ எதுவும் ஆகாது. “நிறுத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் செலவழித்துக்கொண்டிருப்பது பழைய சேமிப்பை.

சேமிப்பு தீரும்போது முதலில் தெரிவது பெரும்பாலும் பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி, சோர்வு. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிப்பவருக்குக் கால் மரத்துப்போனால், “உட்கார்ந்தே வேலை பாக்கறதால வந்தது” என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஐடி வேலையில் இருப்பவர் நாற்காலியைக் குறை சொல்வார். சர்க்கரை நோய் இருந்தவர் அதன் மேல் பழியைப் போடுவார். பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால், பிறகு சிகிச்சை எடுத்தாலும் முழுதாகச் சரியாகாமல் போகலாம்.

இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் சாப்பிட்டால், பி12 குறைவால் வந்த ரத்தசோகை ரத்தப் பரிசோதனையில் சரியானது போலக் காட்டும். நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையும், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளும் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12-ஐக் குறைக்கக் கூடியவை. ஆபரேஷன் செய்தவர்களில் பலர் இவற்றில் ஒன்றையாவது சாப்பிட்டிருப்பார்கள்.

வாந்தி நிற்கவில்லையா? குளுக்கோஸ் ஏற்றும் முன் இதைச் சொல்லுங்கள்

பி12 வருடக்கணக்கில் தாங்கும் என்றால், பி1 எனப்படும் தயமினின் சேமிப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்குத்தான். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் தொடர்ந்து வாந்தி இருந்தாலோ, சாப்பாடே இறங்காவிட்டாலோ, தயமின் மிக வேகமாகத் தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். இது அவசர சிகிச்சைக்கான நிலை. தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

நம் ஊர் வழக்கம் இங்கே கொஞ்சம் ஆபத்தானது. நாலு நாள் வாந்தி என்றால், “பக்கத்து கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெளிஞ்சிடும்” என்போம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். தயமின் தீர்ந்திருக்கும் ஒருவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகக் கூடும்.

கிளினிக் டாக்டருக்கு, சென்னையில் ஆபரேஷன் நடந்தது தெரிந்திருக்காது. லேப்ராஸ்கோப்பி தழும்புகள் சின்னதாக இருப்பதால் பார்த்தும் தெரியாது. எனவே நோயாளியோ கூட வந்தவரோ சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: “எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு, தயமின் ஊசி முதல்ல வேணுமா பாருங்க.” வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கும் உடனே போன் செய்ய வேண்டும்.

இரும்பும் கால்சியமும் ஏன் சேர்ந்து போகக் கூடாது?

இரண்டும் குடலில் உறிஞ்சப்படுவதற்குப் போட்டி போடுகின்றன. எனவே இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது என்பதால், அதை மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் தேவை. சிட்ரேட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால்தான் சிட்ரேட் வகையை எழுதித் தருகிறார்கள். மெடிக்கலில் “இது இல்ல, அதே மாதிரி வேற இருக்கு” என்றால், அட்டையில் எந்த வகை என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம்:

- காலை 8 மணி: டிபனுக்குப் பின் கால்சியம்
- காலை 11 மணி: மல்டிவைட்டமின்
- மதியம் 2 மணி: கால்சியம்
- மாலை 6 மணி: கால்சியம்
- இரவு 9 மணி: இரும்பு மாத்திரை

இது ஒரு மாதிரி மட்டுமே. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும் என்பதால், அவர்களுக்கு டைம்டேபிள் மாறும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் அப்படியே. டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தைச் சொல்லியே அட்டவணை கேட்கலாம்.

காபி, டீ இரண்டும் இரும்பை உறிஞ்சவிடாது. ஃபில்டர் காபியோடு இரும்பு மாத்திரையைப் போட்டால் பாதிக் காசு வீண். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் கூடுதலாகச் சேரும்.

கோயில் இட்லியும் விரதமும்

வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான காஞ்சிபுரம் இட்லியில் அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் உண்டு. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சின்ன வயிற்றில் முதல் இடம் புரதத்துக்குத்தான் தர வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். இட்லியை மட்டும் வைத்து அதை எட்ட முடியாது. தயிர், பனீர், பருப்பு, முட்டை, மீன் என்று முதலில் சாப்பிட்டுவிட்டு, மிச்ச இடத்தில் இட்லி.

பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், முட்டை, இறைச்சி, பால் பொருட்களில்தான். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பால், தயிர் மட்டுமே வழி. எனவே அவர்களுக்கு மாத்திரையின் முக்கியத்துவம் இரட்டிப்பு.

புரட்டாசி சனி, ஏகாதசி என்று விரதம் இருப்பவர்கள், ஆபரேஷன் செய்த முதல் வருடத்தில் டாக்டரைக் கேட்காமல் முழுப் பட்டினி கிடக்கக் கூடாது. விரத நாளிலும் தண்ணீரும் மாத்திரையும் விடக் கூடாதவை.

குழந்தை பெறத் திட்டமிடுபவர்களுக்கு

எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்கும் சேர்த்துச் சத்து கிடைப்பது கஷ்டம். இந்த வயதுப் பெண்களுக்கு ஃபோலேட் அளவு ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை கூட்டப்படுகிறது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம்.

இந்த ஃபோலேட்டின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1928-ல் இந்தியா வந்த பிரிட்டிஷ் மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் துணி மில்களில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் சென்னையிலும் அவர் வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை குணமாவதை 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது. நாள் முழுக்க உழைக்கும் பெண்ணின் அசதிக்குப் பின்னால் ஒரு சத்துக் குறைவு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு அது பழைய சாட்சி.

கடையில் கிடைக்கும் கம்மீஸ் போதுமா?

போதாது. மிட்டாய் மாதிரி மெல்லும் கம்மீஸ் பலவற்றில் இரும்பே இருக்காது. சாதாரண மல்டிவைட்டமின்கள் ஆரோக்கியமான குடலுக்காகக் கணக்கிடப்பட்டவை.

அதற்காக அதிகமாகச் சாப்பிடுவதும் நல்லதல்ல. வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மூன்றாவது, நாலாவது மாதத்தில் முடி கொட்டுவது வேகமான எடை இழப்பால் பலருக்கும் நடப்பதுதான். பெரும்பாலும் தானாக நிற்கும். அதற்காக பயோட்டின் மாத்திரையை அள்ளிப் போட்டால், தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகள் தப்பாக வரும்.

செலவும் டெஸ்ட்டும்

18 வயது நிறைந்து, பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து இதயநோய், கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான பாதிப்பு இருந்தாலோ, மற்ற சிகிச்சைகள் பலிக்காத நிலையில் டாக்டர் பரிந்துரைக்கும் ஆபரேஷனை உடல் பருமன் என்ற காரணத்தைச் சொல்லி இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒதுக்க முடியாது. 2019-ல் ஐஆர்டிஏஐ வகுத்த விதி இது. ஆனால் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. ஆபரேஷனுக்கு முடிவெடுக்கும்போதே, மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதைக் குடும்ப பட்ஜெட்டில் சேர்த்துவிட வேண்டும். கட்டுப்படி ஆகாவிட்டால் தானாக நிறுத்தாமல், விலை குறைந்த மாற்று என்ன என்று டாக்டரிடம் கேட்கலாம்.

முதல் வருடத்தில் 3, 6, 12-ம் மாதங்களிலும், அதன் பிறகு வருடம் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பிடிஎச் ஆகியவை அடிப்படை. இவற்றில் பெரும்பாலானவற்றை உள்ளூர் லேபிலேயே கொடுத்து, ரிப்போர்ட்டை சென்னை டாக்டருக்கு அனுப்பிவிடலாம்.

ஏற்கெனவே மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. டாக்டர் திட்டுவாரோ என்று தயங்கவும் வேண்டாம். எத்தனை மாதமாகச் சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். எந்தச் சத்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற அளவை அவர் எழுதித் தருவார்.