ஒரே துளை, இரண்டு நீர்மட்டம்: சேரப்பணஞ்சேரியில் ஒரு மணல் கணக்கு

நீரில் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கினால் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீர் அதற்குள் வெளியேற முடியாது. பாரம் நீரின் மேல் விழுந்து மணல் பிடிப்பை இழக்கும். மேலே களிமண் மூடியிருந்தால் நீர் அதன் அடியிலேயே தேங்கும்.

குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இதுதான் நடந்தது, 26.1.2001
நிலநடுக்க அளவு: 7.7
துறைமுகக் கோபுரத்தின் உயரம்: 22 மீ
பைல்கள் (அடித்தளத் தூண்கள்): 32; நீளம் 18 மீ
களிமண்: மேலே 10 மீ, அதன் கீழே மணல்
உச்சியின் சாய்வு: சுமார் 30 செ.மீ

பைல் முனைகள் நின்றது இளகிய மணலில். பத்து மீட்டர் களிமண் காப்பாற்றவில்லை.

இனி நம்மூர் சேரப்பணஞ்சேரி. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பல இடங்களில் அடியில் ஷேல் பாறை. அங்கே இந்தக் கவலை இல்லை. மணல் அடுக்கு தட்டுப்படும் மனைக்குத்தான் கீழே உள்ள மாதிரிக் கணக்கு.

போர் போடும்போது 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ உயரத்திலிருந்து விழும். கம்பியில் 15 செ.மீ-க்கு ஒரு சாக்பீஸ் கோடு. முதல் 15 தள்ளுபடி. அடுத்த 30 செ.மீ இறங்க எத்தனை சுத்தியல் அடி என்பதே N.

ஆழம்: 5 மீ
திருத்திய N: 10
நிலநடுக்க மண்டலம் 3-க்கு எடுத்த காரணி: 0.16
மணலின் தாங்குதிறன் விகிதம்: 0.113

மே மாதம், நீர் 5 மீட்டரில்: குலுக்கல் விகிதம் 0.10, பாதுகாப்பு எண் (தாங்குதிறன் ÷ குலுக்கல்) 1.13
டிசம்பர், நீர் 2 மீட்டரில்: குலுக்கல் விகிதம் 0.147, பாதுகாப்பு எண் 0.77

இது 7.5 அளவு நிலநடுக்கத்துக்கு. அளவு 6 என்றால் டிசம்பரிலும் 1.36, மணல் தாங்கும். பாதுகாப்பு எண் 1-க்குக் கீழே போனால்தான் இளகும்.

0.77 என்றே வைத்துக்கொண்டு மண்ணைப் பலப்படுத்தினால்:

தளம்: 10,000 சதுர மீட்டர்
ஜல்லித் தூண்: விட்டம் 0.8 மீ, ஆழம் 8 மீ
முக்கோண வரிசை, இடைவெளி 2.5 மீ: 1,848 தூண்கள்
ஜல்லி: 7,430 கன மீட்டர், சுமார் 2,620 யூனிட்

மணலும் N-உம் மாறவில்லை, மாறியது மாதம்தான். போர் லாக் (துளைப் பதிவுத் தாள்) கைக்கு வந்ததும் N-ஐத் தேடுமுன் மேல் மூலையில் துளை போட்ட தேதியைப் பாருங்கள். மே என்றிருந்தால், ஐப்பசி மழை ஓய்ந்தபின் நீர்மட்டத்தை ஒருமுறை அளந்துவிட்டு ஜல்லிக்கு ஆர்டர் கொடுங்கள்.