குழாய் நீரா, போத்தல் நீரா? நாக்கைச் சோதிக்க ஒரு புள்ளியியல் திட்டம்

“போத்தல் தண்ணீர்தான் ருசி. காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீரை வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும்” என்று அடித்துச் சொல்பவர் எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அவரோடு வாதாட வேண்டாம் மாணவர்களே. எஸ்டிபிஎம் கணிதத்திலும் சிங்கப்பூரின் எச்2 கணிதத்திலும் வரும் கருதுகோள் சோதனைக்கு இதைவிட மலிவான இடுபணி கிடைக்காது.

இந்த வகைச் சோதனைக்கு வழிகாட்டியது ஒரு கோப்பைத் தேநீர். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைக் குடித்தே சொல்லிவிட முடியும் என்றாராம். உடன் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் அதைச் சோதிக்கும் முறையை யோசித்தார். 1935இல் வெளிவந்த தம் நூலில் பெயர் குறிப்பிடாமல் அதை விளக்கியும் எழுதினார்.

எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலும் நான்கும் சரியாக அமையும் நிகழ்தகவு 70இல் 1, அதாவது ஏறக்குறைய 1.4 விழுக்காடு. ஆனால் மூன்று சரி, ஒன்று தவறு என்றால்? அப்படி அமைய 16 வழிகள். இரண்டையும் கூட்டினால் 70இல் 17, அதாவது 24 விழுக்காடு. அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் கணக்கு அத்தனையும் முதல் மிடறுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் தண்ணீருக்கு வருவோம். ஒருவருக்கு மூன்று குவளைகள் கொடுங்கள். இரண்டில் ஒரே நீர், ஒன்றில் வேறு நீர். “எது வேறு?” என்பது மட்டுமே கேள்வி. எது ருசி என்று கேட்காதீர்கள். அது வேறு ஆய்வு. இன்மைக் கருதுகோள்: மாணவர்களால் வேறுபாட்டைக் கண்டறிய முடியாது, எனவே சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 1/3. மாற்றுக் கருதுகோள்: அது 1/3ஐவிட அதிகம்.

24 பேரைச் சேர்த்தால், வெறும் ஊகத்தில் சராசரியாக 8 பேர் சரியாகச் சொல்வார்கள். “பாதிப் பேர் சரியாகச் சொன்னால் போதாதா?” என்று தோன்றும். ஈருறுப்புப் பரவலைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஊகத்திலேயே 12 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 6.8 விழுக்காடு. 13 பேர் என்றால் 2.8 விழுக்காடு. ஆக, வழக்கமான 5 விழுக்காட்டு வரம்பை வைத்தால் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம். இந்த 13 என்ற எண்ணைச் சோதனைக்கு முந்தைய நாளே தேதியோடு எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். 12 பேர் சரியாகச் சொன்ன பிறகு, “வரம்பை 10 விழுக்காடாக மாற்றிக்கொள்வோமே” என்ற ஆசை வரும். எழுதிக் கொடுத்த தாள் அதற்கு இடம் தராது.

மதிப்பெண் அதிகம் போவது கணக்கில் அல்ல, ஏற்பாட்டில்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலையும் அறைவெப்பத்தில் இருந்த குழாய் நீரையும் ஒப்பிட்டால் நீங்கள் சோதிப்பது வெப்பநிலையை! தமிழ்ப்பள்ளியில் படித்த கட்டுப்படுத்தப்பட்ட மாறி இங்கேதான் உதவும்: ஒரே வெப்பநிலை, ஒரே அளவு, ஒரே மாதிரிக் குவளை. மூன்று குவளைகளை வரிசைப்படுத்த ஆறு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் நான்கு பேருக்குக் கொடுத்தால் 24 சரியாக வந்துவிடும். எந்த வரிசை யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஊற்றுபவர் ஒருவர், குவளையை நீட்டுபவர் வேறொருவர். நீட்டுபவருக்கு விடை தெரியக்கூடாது. ஒரு கண் சிமிட்டலே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் ஒருமுறை மட்டுமே, அதுவும் தனியாக வந்து சுவைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் 24 விடைகள் தனித்தனி விடைகள் ஆகா. தெரியவில்லை என்பவரும் ஏதாவது ஒரு குவளையைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் 1/3 என்ற அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும்.

24 பேர் போதுமா என்று ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையில் மூன்றில் ஒருவருக்கு வேறுபாடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஊகிப்பார்கள், அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக அமையும். ஆக மொத்தம் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 5/9. அப்போதும் நம் சோதனை 13ஐத் தொடும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஆறுதான். பத்தில் நான்கு முறை இருக்கும் திறனை நாம் தவறவிடுவோம். இரண்டு வகுப்பை அழைத்து 48 பேராக்க முடிந்தால் நல்லது. ஆனால் அதற்குரிய வரம்பு எண்ணைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 13ஐ இரட்டிப்பாக்கிவிட முடியாது.

சரி, 11 பேர் மட்டும் சரியாகச் சொன்னால் அறிக்கையில் என்ன எழுதுவது? “இரண்டு நீரும் ஒரே சுவை என நிரூபிக்கப்பட்டது” என்று எழுதினால் தவறு. “24 பேரில் 11 பேர் சரியாகக் கூறினர். 5 விழுக்காட்டு வரம்பில் இன்மைக் கருதுகோளைக் கைவிடப் போதிய சான்று இல்லை” என்று எழுதி, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எந்த வரிசை யாருக்குப் போனது என்ற அட்டவணையைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.