காட்டு வேலையைத் தண்டனை ஆக்கியது யார்?

காலை நாலேகாலுக்கெல்லாம் என் மகன் எழுந்துவிடுவான். ஜோகூர் மாசாயில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு எரியும் விளக்குகளை எண்ணினால் ஏழோ எட்டோ தேறும். எல்லாம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள். குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, மழைக்கோட்டை மோட்டார் சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டு நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடுவான். ஜோகூர்-சிங்கப்பூர் பாலத்து நெரிசலைத் தாண்டி ஏழு மணிக்கு கிராஞ்சியில் ஓர் இரும்புப் பட்டறையில் நிற்க வேண்டும். பசியாறுவதெல்லாம் அங்கே போய்த்தான். இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பும்போது சட்டைக் கையில் நெருப்புப் பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும்.

இந்தப் பிள்ளையைத்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் சோம்பேறி என்று திட்டினேன். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்து வீட்டில் இருந்தவனுக்கு, நான் வேலை செய்த தொழிற்சாலையிலேயே பெட்டி அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன். பதினோராம் நாள் நின்றுவிட்டான். "உன் வயசுல நான் குலை வெட்டுனவன்டா!" என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் கஷ்டமான வேலைக்கு வருவதில்லை." கல்யாண வீட்டில், கோயில் கூட்டத்தில், ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் இல்லை. நானும் பேசியவன்தான். இன்று அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொடி அடித்த அம்மா, குலை வெட்டிய அப்பா

நான் 1964-ல் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா செம்பனைக் குலை வெட்டுவார். அம்மா பூவுக்குப் பொடி அடிப்பார். இந்த இரண்டாவது வேலை இப்போது நம் தோட்டங்களில் அநேகமாக இல்லாததால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். மலாயாவில் 1917-ல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் முதன்முதலாக வணிகத்துக்காக நட்டார்கள். மரம் வந்தது, அதன் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பூச்சி வரவில்லை. அதனால் அந்த வேலையைப் பெண்கள் செய்தார்கள். மகரந்தத்தை வெள்ளைப் பொடியோடு கலந்து, முள் நிறைந்த மட்டைகளுக்கு நடுவில் கையை விட்டு, விரிந்த பெண் பூவைத் தேடித் தேடி ஊத வேண்டும். அம்மாவின் முன்னங்கையில் எப்போதும் முள் கீறல் இருக்கும். சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் முள் எடுத்துக்கொண்டிருப்பார்.

1981-ல் அந்த வேலை முடிவுக்கு வந்தது. ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர், கேமரூன் நாட்டில் ஒரு சின்னஞ்சிறு வண்டுதான் செம்பனையில் மகரந்தச் சேர்க்கை செய்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த வண்டை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து முதலில் விட்ட இடங்களில் எங்கள் குளுவாங் வட்டாரமும் ஒன்று. சீக்கிரமே தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் கையால் செய்ததை வண்டு தானே செய்தது. காய்ப்பு கூடியது, குலைகள் முன்பைவிடக் கனத்தன. அம்மா கீழே உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் வேலைக்கு மாறினார். நாங்கள் அதைக் 'கொட்டை பொறுக்குறது' என்போம். அப்பாவுக்குச் சுமை ஏறியது.

நான் பதினாறு வயதில் அப்பாவோடு காட்டுக்குப் போனேன். தோட்ட வேலையைக் 'காட்டு வேலை' என்றுதான் சொல்வோம். முதல் மாதம் அவர் என்னைக் குலையைத் தொடவே விடவில்லை. அரிவாள் தீட்டுவதுதான் என் வேலை. முதலில் அரம், பிறகு சாணைக்கல். தீட்டியதை வாங்கித் தன் முன்னங்கை மயிரில் ஓட்டிப் பார்ப்பார். மயிர் சிரைபட்டால் தலையசைப்பார். இல்லையென்றால் பேசாமல் திருப்பிக் கொடுப்பார்.

உயர்ந்த மரத்தில் குலை வெட்டுவதென்றால் இரண்டு மாடி உயரத்துக்கு மேல் நீளும் கழியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். நுனியில் வளைந்த அரிவாள். தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துத்தான் மேலே எந்தக் குலை பழுத்தது என்று முடிவு செய்வோம். தாங்கும் மட்டையை முதலில் வெட்டி இறக்கி, பிறகு காம்பில் அரிவாளை மாட்டி இழுக்க வேண்டும். இருபது இருபத்தைந்து கிலோ முள் உருண்டை ஒன்று தலைக்கு மேலிருந்து வரும். அது எந்தப் பக்கம் விழும் என்பதை இழுப்பதற்கு முன்பே கணித்து, கால் அந்தப் பக்கத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே மழை, தலைவலி எதுவும் கணக்கில் இல்லை.

ஒன்பது வருடம் இதைச் செய்தேன். இது மூளை வேண்டாத வேலை என்று எவராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

திருப்பிக் கொடுத்த சாவி

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் வெட்டினார். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டி, சாவியை ஆபீசில் கிராணியிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் கூடவே போயிருந்தேன். ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அப்பா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அதோடு சரி.

இந்தக் கதையை என் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கூடவே வேறொன்றையும் சொன்னேன். தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையில் அந்த வார்த்தையைக் கேட்காதவர் இருக்க முடியாது: "படிக்கலேன்னா காட்டுக்குத்தான் போகணும்." ஆசிரியர் சொன்னார், அம்மா சொன்னார், நான் என் பிள்ளைகளிடம் சொன்னேன். ரோடு போடுகிறவர்களைக் காட்டி, சாக்கடை அள்ளுகிறவர்களைக் காட்டி, "பாத்துக்க, இப்படி ஆகிடாத" என்று சொல்லாத அப்பன் நம் தெருவில் எத்தனை பேர்?

வீட்டில் சோறு போட்ட வேலையை நாமே தண்டனையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். பிள்ளைகள் நாம் சொன்னதை நம்பினார்கள். இப்போது அந்த வேலைக்கு ஏன் வரவில்லை என்று அவர்களையே கேட்கிறோம்.

பாலத்தைத் தாண்டும் உழைப்பு

பிள்ளைகள் உழைக்கவில்லையா? விடியற்காலையில் ஜோகூர் பாருவில் சுல்தான் இஸ்கந்தர் குடிநுழைவுக் கட்டடத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். மோட்டார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும். 1924-ல் திறந்த இந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதையும் 1998-ல் திறந்த இரண்டாவது பாலத்தையும் சேர்த்து நாள்தோறும் கடப்பவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போகிறவர்கள். துப்புரவு, பாதுகாவல், கிடங்கு, கட்டுமானம், கப்பல் பட்டறை என்று அங்கே அவர்கள் செய்யும் பல வேலைகள், இங்கே 'நம் பிள்ளைகள் வரமாட்டார்கள்' என்று நாம் சொல்லும் அதே வேலைகள்தான்.

காரணத்தைக் கணக்கில் பார்த்தால் தெரியும். 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளத்தக்கவை. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு சட்டமே 2013-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2022-ல் 1,500, 2025-ல் 1,700. என் மகன் வாங்கும் 2,400 சிங்கப்பூர் வெள்ளியை மாற்றினால் ஏழாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். அதற்கு அவன் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. சாலையிலேயே தினம் நாலு மணி நேரம் போகிறது. தூக்கக் கலக்கத்தில் மோட்டார் ஓட்டும் பிள்ளை வாட்ஸ்அப்பில் 'வந்துட்டேன்' என்று போடும்வரை அவன் அம்மா அடுப்படியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

காசு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவனிடமே கேட்டேன்: "பெட்டி அடுக்குறதுல பதினோரு நாள்ல நின்ன. இத எப்படிடா இத்தன வருஷம் செய்யிற?"

"பெட்டி அடுக்குறத பத்து நாள்ல கத்துக்கிட்டேம்பா. பதினோராவது நாள் கத்துக்க அங்க என்ன இருந்துச்சு? தாத்தா முப்பது வருஷம் வெட்டிட்டு சாவிய குடுத்துட்டு வந்தாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொழிற்பயிற்சியில் சேர்ந்து வெல்டிங் படித்தவன் அவன். '6ஜி' என்று ஒரு தேர்வு. குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் பற்றவைக்க வேண்டும். உள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழ் இருந்தாலும் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும். அதில் இரண்டு முறை தோற்று, மாதக்கணக்கில் பழகி, மூன்றாம் முறை தேறினான். பதினோரு நாளில் ஓடிய அதே பையன்தான். ஒருநாள் பழகிய குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பற்றவைத்த இடம் மீன் செதிலை அடுக்கியதுபோல் வரி வரியாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். முன்னங்கையில் அரிவாளை ஓட்டிப் பார்க்கும் என் அப்பா நினைவுக்கு வந்தார்.

மூன்று வாரம் தாங்கியவன்

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லைகள் மூடியபோது நாட்டின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். புது ஆட்கள் வர முடியாமல் போனதும் பழுத்த குலைகள் மரத்திலேயே அழுகின. உள்ளூர் இளைஞர்களைக் கூப்பிட்டார்கள். என் தங்கை மகன் ஒரு தோட்டத்துக்குப் போனான். மூன்று வாரம் இருந்துவிட்டு வந்துவிட்டான்.

"பயலுக்கு ஒடம்பு வளையல" என்றார்கள் உறவினர்கள். நான் உட்கார வைத்துக் கேட்டேன். சுமையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதல் நாளே கழியைக் கையில் கொடுத்து வரிசையில் விட்டுவிட்டார்கள்; கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தங்குமிடத்தில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். எத்தனை வருடம் வெட்டினால் என்ன ஆவேன் என்று கேட்டான். சொல்ல எவருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு மாதம் அரிவாள் தீட்டக் கற்றுக்கொடுக்க அப்பா இருந்தார். அவனுக்கு யார் இருந்தார்கள்?

கஷ்டமான வேலையை மாற்றவே முடியாது என்பதும் பொய். அம்மாவின் வேலையை ஒரு வண்டு மாற்றியது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் 'சந்தாஸ்' என்ற மோட்டார் அரிவாளை உருவாக்கியிருக்கிறது. அதிகம் உயராத மரங்களில் கைக்கு எவ்வளவோ பாரம் குறையும். நல்ல கருவி, ஒழுங்கான வீடு, படிப்படியாக ஏறும் சம்பளம், கையில் ஒரு சான்றிதழ். இவை இருக்கும் இடத்துக்கு இளைஞர்கள் மழையில் நனைந்துகொண்டாவது போகிறார்கள். பாலம் அதற்குச் சாட்சி.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல்

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் பக்கமும் குறை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு மட்டம் போடுவது, வாரத்துக்கு ஒரு எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுப்பது, முதலாளி ஒரு சொல் சொன்னால் அன்றே பையைத் தூக்குவது, இதையெல்லாம் தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளராக இருந்தபோது நிறையப் பார்த்தேன். கூட வேலை செய்கிறவன்தான் உங்கள் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தான். எந்தக் கைத்தொழிலும் முதல் மூன்று மாதம் உடம்பை வருத்தும். அந்த மூன்று மாதத்தில் ஏதாவது கற்றுக்கொள்கிறீர்களா என்று பாருங்கள். கற்றுக்கொண்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள். இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெற்றோர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பழைய வார்த்தையை விட்டுவிடுங்கள்.

போன மாதம் குப்பை லாரி வந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி, ஏழு வயது, கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியின் பின்னால் தொத்திக்கொண்டு வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்தப் பழைய வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தாத்தா, நீங்க என்ன வேல செஞ்சீங்க?" என்று அவளாகத்தான் கேட்டாள்.

ஸ்டோருக்குள் போய், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த அப்பாவின் அரிவாளைக் கொண்டுவந்து காட்டினேன். தொடாமல் பார்க்கச் சொன்னேன். எவ்வளவு உயரத்தில் வெட்டுவீர்கள் என்று கேட்டாள். எதிர்வீட்டு மாடிக்கூரையைக் காட்டி, அதற்கும் மேலே என்றேன். அவள் கழுத்தை நன்றாக அண்ணாந்து, அந்தக் கூரைக்கு மேலே இருந்த வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.