வேலூரில் நடந்த ரத்தச் சோதனை

எங்க தெருவுல, சிவகாசி பட்டாசு ஆபீஸ் ஒண்ணுல கணக்கு எழுதுற அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஹீமோஃபிலியா. "வேலூர்ல ஒரே ஊசியில குணமாக்குறாங்களாமே, நிஜமாடா?" என்று என்னிடம் கேட்டார். அதற்காகத் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

ரத்தம் உறைவது திரியில் தீ போவது மாதிரி. ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட வேண்டும். ஹீமோஃபிலியா 'ஏ' வகை உள்ளவர்களுக்கு எட்டாவது ஃபேக்டர் போதுமான அளவு இல்லை; திரி நடுவிலேயே அறுந்துவிட்டது. முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து மூட்டே கெட்டுப் போகும். ஃபேக்டரை ஊசியில் ஏற்றினால், சுமார் 12 மணி நேரத்தில் பாதி காலி. சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அந்நியன் என்று தாக்கிவிடும்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, திருத்திய வைரஸ் மூலம் அந்த ஃபேக்டருக்கான ஜீனைச் சேர்த்து, திரும்ப ஏற்றினார்கள். அதிலிருந்து பிறக்கும் மோனோசைட் என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் ஃபேக்டரைத் தயாரிக்கும். காவல்காரனே மருந்துக்கடையும் நடத்துற மாதிரி!

சோதனையில் 22 முதல் 41 வயது வரை 5 பேர். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஐவருக்கும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ரத்தக்கசிவே இல்லை.

ஆனால் இது 'ஒரே ஊசி' அல்ல. முதலில் கடுமையான கீமோ மருந்து கொடுத்து மஜ்ஜையில் இடம் காலி செய்ய வேண்டும். அப்போது ரத்த அணுக்கள் இறங்கும், தொற்று பயம் உண்டு. புகுத்திய ஜீன் பின்னாளில் தொல்லை தருமா என்று பல வருஷம் பார்க்கணும்.

நம்ம லேப்ல கம்பியை யு.டி.எம்.மில் மாட்டி, முறியும்வரை இழுக்கிறோம். பட்டாசு என்றால் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம். மனிதனை அப்படிச் சோதிக்க முடியுமா? அதனால்தான் முதல் கட்டத்தில் ஐந்தே பேர். அதன் முதல் கேள்வி "குணமாகுமா?" அல்ல, "ஆபத்தில்லையா?" என்பதுதான்.

ஆகவே நண்பர்களே, இப்படி யாராவது உங்களிடம் கேட்டால் மூன்று விஷயம் சொல்லுங்கள். சோதனைக்கான செலவை நோயாளி தலையில் கட்டக்கூடாது. பணம் கேட்கும் புரோக்கரை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம். சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதுவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஃபேக்டரை விட்டுவிட வேண்டாம். நம்பிக்கை வேண்டும், அவசரம் வேண்டாம்.