மீனை நிறுத்துவது எது?

கடலுக்கடியில் படமெடுக்கத் தொடங்குகிற ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. மீன் ஓரிடத்தில் நிற்காது, அதனால் ஷட்டரை எவ்வளவு வேகமாக வைக்கிறோமோ அவ்வளவு துல்லியமாகப் படம் விழும் என்று. கரையில் கிரிக்கெட்டும் பறவையும் எடுத்துப் பழகியவர்களுக்கு இது நியாயமான நினைப்புதான். தண்ணீருக்குள் ஃப்ளாஷோடு இறங்கும்போது மட்டும் இது செல்லுபடியாகாது. ஏன் என்று நிதானமாகப் பார்ப்போம்.

ஃப்ளாஷ் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் வெளிச்சத்திலுள்ள சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டர் ஆழத்தில் செவ்வரி போட்ட சிங்கமீன்கூடப் பழுப்பும் சாம்பலுமாகத்தான் தெரியும். போன நிறத்தை மீட்க, வெள்ளை வெளிச்சத்தை நாமே கொண்டுபோக வேண்டும். 1926இல் ஃப்ளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் பகுதியில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் கடலடியில் வண்ணப்படம் எடுத்தபோது, மேலே மிதவையில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் வெளிச்சம் காட்டினார்கள். துணிச்சல்காரர்கள். நமக்கு மின் ஃப்ளாஷ் இருக்கிறது. டைவர்கள் அதை ஸ்ட்ரோப் என்பார்கள்.

இப்போது கேமராவுக்குள் எட்டிப் பார்ப்போம். படத்தைப் பதிவுசெய்கிற சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள். அவைதான் ஷட்டர். பொத்தானை அமுக்கியதும் முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கும். இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். ஒரு திரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட மூன்றரை மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு, ஒரு மில்லிநொடி. நாம் எந்த ஷட்டர் வேகத்தை வைத்தாலும் திரைகள் ஓடுகிற ஓட்டம் மாறாது. இரண்டாவது திரை எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது என்பதுதான் மாறும்.

1/250 நொடி என்றால் நான்கு மில்லிநொடி. முதல் திரை ஓடி முடித்த பிறகும் அரை மில்லிநொடி கழித்துத்தான் இரண்டாவது கிளம்பும். அந்தச் சின்ன இடைவேளையில் சென்சார் முழுதாகத் திறந்திருக்கிறது. 1/500 வைத்தாலோ, முதல் திரை பாதி வழி தாண்டியதுமே இரண்டாவது கிளம்பிவிடும். அப்போது சென்சார் ஒரு கணம்கூட முழுதாகத் திறப்பதில்லை. ஜெராக்ஸ் மெஷினில் கண்ணாடிக்கடியில் வெளிச்சக் கீற்று நகர்ந்து நகர்ந்து காகிதத்தைப் படிக்குமே, அதுபோல ஓர் இடுக்கு மட்டும் சென்சாரின் மேல் ஓடிப்போகும்.

சூரிய வெளிச்சத்துக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. அது எப்போதும் இருப்பது, இடுக்கு எங்கே போனாலும் கிடைக்கும். ஃப்ளாஷ் அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு மில்லிநொடியில், அதற்கும் குறைவாகவே, மின்னி அணைந்துவிடும். முதல் திரை ஓடி முடித்ததும் கேமரா ஃப்ளாஷை அடிக்கச் சொல்கிறது. 1/500இல் அந்த நேரத்துக்குள் இரண்டாவது திரை நாற்பது சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும். மூடிய பாகத்துக்கு ஃப்ளாஷ் கிடைக்காது. சென்சார் முழுதாகத் திறந்திருக்கும் கடைசி வேகத்தைத்தான் சிங்க் ஸ்பீடு என்கிறோம். நிக்கான் டி850இல் அது 1/250, இசட்7இல் 1/200. 1984இல் வந்த, தண்ணீருக்கென்றே செய்த நிக்கோனாஸ் 5இல் வெறும் 1/90.

இந்த எல்லையைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும் என்று சொல்வார்கள். இரவு டைவில் அப்படித்தான் விழும். பகலில் ஆழம் குறைந்த இடத்தில் அது கறுப்பாக வராது, மங்கிய நீலமாக வரும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்குவதால் வழக்கமாகப் படத்தின் அடிப்பக்கத்தில், அதாவது பவளப்பாறை இருக்கும் இடத்தில். பலரும் ஸ்ட்ரோப் சரியாகத் திரும்பவில்லை என்று அதைத் தாங்கும் கையைத் திருகிக்கொண்டிருப்பார்கள். ஃப்ளாஷ் மாட்டியிருப்பது தெரிந்தால் கேமராவே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் ‘அடி’ என்ற சைகையை மட்டும் கடத்துகிற சாதாரண வயர் வழியாக ஸ்ட்ரோப் இணைந்திருந்தால் கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. 1/500 கேட்டாலும் கொடுத்துவிடும்.

சரி, 1/250தான் உச்சம் என்றால் வேகமான மீனை எப்படி எடுப்பது? இங்கேதான் பழைய நினைப்பைக் கழற்றிவைக்க வேண்டும். மீனை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃப்ளாஷ். இருட்டில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும், மீன் மேல் வெளிச்சம் பட்டது அந்த ஒரு மில்லிநொடிதான். இரவு டைவில் 1/60இல் ஒன்றும் 1/250இல் ஒன்றும் எடுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மீன் மேல் எவ்வளவு ஃப்ளாஷ் விழுகிறது என்பதை லென்ஸின் துவாரமான அபெர்ச்சர், சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ, ஸ்ட்ரோப்பின் பவர், அது இருக்கும் தூரம் ஆகியவை தீர்மானிக்கும். ஷட்டர் தீர்மானிப்பது பின்னணித் தண்ணீரின் நிறத்தை. மெதுவாக வைத்தால் வெளிர்நீலம், வேகமாக வைத்தால் கருநீலம். ரொம்பவே மெதுவாக வைத்தால் பகல் வெளிச்சத்திலும் மீன் பதிந்து, அதன் ஓரத்தில் நிழல்போல் ஒரு கோடு இழுபடும். ஷட்டரைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்பட்டால் போதும்.

எல்லை உண்மையிலேயே உறுத்துவது சூரியனைப் படத்துக்குள் கொண்டுவரும்போது. 1/250க்கு மேல் போக முடியாததால் அபெர்ச்சரை எஃப்/16 வரை சுருக்குகிறோம். சூரியன் அடங்கும், ஆனால் முன்னாலிருக்கும் பவளத்துக்கும் ஃப்ளாஷ் குறைந்துவிடும். எஃப்/8இல் தேவைப்பட்டதைப் போல நான்கு மடங்கு பவர் வேண்டும். ஸ்ட்ரோப் முழு பவரில் அடித்துவிட்டு மறுபடி சார்ஜ் ஆகிற நேரத்தில் ஆமை போய்விட்டிருக்கும்.

ஹைஸ்பீடு சிங்க் என்று ஒரு வழி உண்டு. இடுக்கு ஓடி முடிகிறவரை ஸ்ட்ரோப் விடாமல் துடித்துத் துடித்து மின்னும். வெளிச்சத்தில் பெரும்பங்கு மூடிய திரையில் பட்டு வீணாகிறது, மீனை நிறுத்துகிற குணமும் போய்விடுகிறது. ரொம்பக் கிட்டத்தில் தவிர எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சோனி ஆர்எக்ஸ்100 போன்ற சின்ன கேமராக்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவற்றின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே மலர்ந்து மூடுவது. எந்த வேகத்திலும் சென்சார் முழுவதற்கும் வெளிச்சம் போகும். 1/250, எஃப்/16க்குப் பதிலாக 1/1000, எஃப்/8 வைக்கலாம். தண்ணீரின் நீலம் அதேதான், ஸ்ட்ரோப்புக்குக் கால் பங்கு பவர் போதும். 2023இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3, திரையே இல்லாமல் சென்சார் முழுவதையும் ஒரே நொடிப்பொழுதில் பதிவுசெய்து, இந்த வசதியைப் பெரிய கேமராவுக்கும் கொண்டுவந்துவிட்டது. அங்கே கணக்கு தலைகீழாகிறது. ஷட்டரை மிக வேகமாக வைக்கும்போது, முழு பவரில் அடிக்கும் ஸ்ட்ரோப் மின்னி முடிப்பதற்குள் படம் முடிந்துவிடும். மிச்ச வெளிச்சம் தண்ணீருக்குத்தான் போகும்.